சங்கத்துக்காரர்கள் கட்சிகளிடம் வேலை வாங்குவது எப்படி

ஈரோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒருமுறை விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். அந்த நாட்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே மேசை முன்னால் ஆட்கள் நிற்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று தனியாக வருகிறவர்கள் உண்டு. பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு பத்துப் பேராக, லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இதை எழுதுவது இந்த இரண்டாவது கூட்டத்துக்காக.

மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு தருகிறார்கள். பல சங்கத்தார் அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்து, வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆட்சியர் தன் கையால் தீர்க்கக்கூடிய காரியங்கள் கொஞ்சம்தான். மின்கட்டணம், பாசனத் திட்டம், கூலி, நிலம் எடுப்பு எல்லாம் வேறு இடத்தில் முடிவாகின்றன. அந்த இடங்களில் கட்சிகள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே எப்படிப் போவது, எதைக் கேட்பது, எதை விட்டுக்கொடுக்காமல் திரும்பி வருவது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்கு ஆட்சி வேண்டும். அதற்காக மஞ்சள் போட்டவரிடமும், மஞ்சள் வாங்குகிற வியாபாரியிடமும், மூட்டை தூக்குகிற தொழிலாளியிடமும் அது ஒரே நாளில் சிரித்துப் பேசியாக வேண்டும். சங்கத்துக்கு அந்தச் சங்கடம் கிடையாது. உங்களுக்கு ஒன்றோ இரண்டோ காரியம் நடந்தால் போதும். கோட்டையில் யார் இருந்தாலும் கவலை இல்லை. இந்தக் கவலையின்மைதான் உங்களுடைய பலம். அதைத்தான் கட்சிக்காரர் முதலில் விலை பேசுவார்.

கட்சிகளுக்கே விவசாய அணி, நெசவாளர் அணி, வர்த்தகர் அணி இருக்கின்றன. தொழிற்சங்கங்களில் தி.மு.க.வுக்குத் தொ.மு.ச., அ.தி.மு.க.வுக்கு அண்ணா தொழிற்சங்கப் பேரவை, கம்யூனிஸ்டுகளுக்கு ஏ.ஐ.டி.யு.சி.யும் சி.ஐ.டி.யு.வும். இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். இவற்றால் கூலி உயர்வு பெற்றவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஆனால் தன் கட்சி ஆளும்போது அணிக்காரரின் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. உங்கள் சங்கம் அணியா, சங்கமா என்பதை உள்ளே உட்கார்ந்து ஒருமுறை பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

பதிவு, கணக்கு

ஏழு பேர் இருந்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். தொழிலாளர்கள் என்றால் 2025 நவம்பர் வரை 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் இருந்தது, அதற்குப் பதிலாக இப்போது 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இருக்கிறது. பதிவு செய்தால் போதாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், தணிக்கைக் கணக்குத் தர வேண்டும், நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்ட சங்கங்களில் ஒரு நாள் சண்டை வரும். ஒரே சங்கத்தின் பெயரில் இரண்டு தலைவர்கள் தனித்தனியாக என் மேசைக்கு வருவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு இருவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பதினேழு கோரிக்கையை ஒன்றாக்குவது

கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பகுதியிலிருந்து ஒரு பாசனச் சங்கத்தின் பொருளாளர் பள்ளி நோட்டுடன் வந்தார். பதினேழு கோரிக்கைகள். வாய்க்கால் தூர்வாருவதில் தொடங்கி, தேங்காய் விலை, தெருநாய், ரேஷன் கடைக் கட்டிடம், காவிரி என்று போய்க்கொண்டே இருந்தது. “அம்மணி, ஒன்றையும் விட்டுவிடாதே. ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தர் சொன்னது” என்றார்.

“ஐயா, இதில் எது நடந்தால் மீதி பதினாறையும் இரண்டு வருடம் பேசாமல் இருப்பீர்கள்?” என்று கேட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், கூட வந்தவர்களைப் பார்த்தார். கடைசியில், பின்னால் நின்ற ஒரு பையன்தான் “மதகு ஷட்டர்” என்றான். பதினேழில் அது பதினோராவது.

அவர் எழுதி வந்தது இப்படி இருந்தது: “கடைமடை விவசாயிகளின் வாழ்வாதாரத்தைக் காத்திட, பாசன வசதிகளை மேம்படுத்திட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.” இதைப் படிக்கிற அதிகாரிக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. “உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது” என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடலாம். நான் எழுதிக் கொடுத்ததில் வாய்க்காலின் மைல் எண் இருந்தது (கீழ்பவானியில் இன்றும் மைல் கணக்குத்தான்), மதகு எண், தண்ணீர் முறையில் அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது, ஷட்டர் உடைந்த மாதம், அதனால் பாயாமல் போன சர்வே எண்கள், ஏக்கர், பழுது பார்க்க வேண்டிய பாசனப் பிரிவு அலுவலகம், எந்தத் தண்ணீர் திறப்புக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்கிற தேதி. ஒரே பக்கம். இந்தக் காகிதத்தை எம்.எல்.ஏ.விடம் கொடுத்தால் அவர் உதவி செயற்பொறியாளரைப் போனில் கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் பேச முடியும். அவருக்குப் பேசத் தெரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது உங்கள் வேலை.

எந்தக் கதவு?

ஆளும் கட்சி உங்களிடம் அன்பாக இருந்தும் காரியம் நடக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தவறான கதவைத் தட்டுவது.

மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாய் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் குழாயைக் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களில் பதிப்பதற்கு விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். 2013இல் ஜெயலலிதா அரசு அவர்கள் பக்கம் நின்று, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. மாநிலத்தை ஆளும் கட்சியே கையில் இருந்தது. அதற்குமேல் ஒரு சங்கம் என்ன சாதிக்க முடியும்? ஆனால் குழாய்க்கு நிலத்தில் உரிமை எடுப்பது 1962ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி. 2013இலேயே உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது; 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் கெயிலுக்கே சாதகமாக முடிந்தது. தட்ட வேண்டிய கதவு டெல்லியில் இருந்தது, அதுவும் தடம் வரைபடத்தில் கோடாக இருந்த காலத்தில்.

விசைத்தறிக்காரர்களின் மின்சாரக் கதை இதற்கு நேர்மாறு. எனக்குத் தெரிந்து, கட்சிகளை ஒன்றுக்கொன்று போட்டி போட வைத்ததில் அவர்கள் அளவுக்குக் கெட்டிக்காரர்கள் இங்கே இல்லை. 2006இல் தி.மு.க. அரசு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்றது. 2016இல் அ.தி.மு.க. அதை 750 ஆக்கியது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. 1,000 என்றது, 2023இல் கொடுத்தது. சோமனூர், பல்லடம், ஈரோடு, பள்ளிபாளையம், சங்ககிரி என்று தறிக்காரர் பரவிக் கிடக்கும் தொகுதிகளில் எந்தக் கட்சியும் அவர்களைத் தன் வீட்டு ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் ஏலம் ஏறியது.

ஆனால் அதே தறிக்காரர்கள் 2022 செப்டம்பரில் அடி வாங்கினார்கள். இலவச யூனிட் தாண்டியபின் வரும் கட்டணம் ஏறிவிட்டது. கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அது ஆகஸ்டிலேயே கோவையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. அந்தக் கூட்டத்தில் மாலை போட்டு முழக்கம் எழுப்பிப் பயனில்லை. மின்வாரியத்தின் மனுவில் எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு தவறு என்று எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். 1933இலிருந்து இயங்கிவரும் தென்னிந்திய ஆலைகள் சங்கம் போன்ற பெரிய அமைப்புகளிடம் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய சங்கங்கள் நான்கைந்து சேர்ந்து ஒரு பட்டயக் கணக்காளரை அமர்த்திக்கொள்ளலாம். கட்சி மாநாட்டுக்கு வேன் பிடிக்கிற செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

சின்னக் காரியங்களுக்குக் கிராம சபை போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மான நகல் இணைத்த மனுவுக்கு அலுவலகத்தில் வேறு மரியாதை.

கட்சிக்காரரைப் பார்க்கப் போவது

தேர்தலுக்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள். தேர்தல் அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டால் குறைதீர்க்கும் கூட்டமே நின்றுவிடும், பெட்டியில்தான் மனுவைப் போட வேண்டும். அப்போது வேட்பாளர் உங்கள் வீதிக்கே வருவார், எதைக் கேட்டாலும் “செய்துவிடலாம் அண்ணா” என்பார். அந்த வாக்குறுதியை நம்பி ஒரு கொப்பு வாய்க்காலும் நனைந்ததில்லை.

பார்க்க வேண்டியது தேர்தல் அறிக்கை தயாரிக்கும் குழுவை. பெரிய கட்சிகளின் குழுக்கள் மண்டல வாரியாக வந்து சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்கின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்ப்பவர் மாவட்டச் செயலாளர். அவரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறவர் ஒன்றியச் செயலாளர். ஒன்றியச் செயலாளரைத் தாண்டி நேராகப் போனால் காரியம் நடக்கலாம், ஆனால் பின்னால் ஒவ்வொரு சின்ன வேலையிலும் அவர் உங்களை நினைவில் வைத்திருப்பார். குழுவிடம் கொடுக்கும் காகிதத்தில், அறிக்கையில் வர வேண்டிய வரியை அப்படியே எழுதிக் கொடுங்கள். எழுதுகிறவருக்கு வேலை குறைந்தால் உங்கள் வரி தப்பிப் பிழைக்கும். எத்தனை குடும்பம், எந்தெந்தத் தொகுதியில் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

ஒரே மனுவை எல்லாக் கட்சிக்கும், முடிந்தால் ஒரே வாரத்தில் கொடுங்கள். ஒரு கட்சி ஆபீஸில் எடுத்த போட்டோ மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றினால் மற்ற கட்சிகள் உங்களைக் கணக்கிலிருந்து அடித்துவிடும்.

நன்கொடை கேட்டால் ரசீது கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கினால் கட்சியின் வரிவிலக்குக்கே சிக்கல். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்களின் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் கேட்ட தொகை குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

மேடை, பிளெக்ஸ்

இதற்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கித்தான் ஆக வேண்டும், நம் ஊரில் இதில்தான் அதிகம் பேர் வீழ்கிறார்கள். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காக மூன்று மாவட்ட மக்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டார்கள். 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019இல் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17 அன்று மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரி நீர். இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் வேலை நகர்ந்தது என்றால், கேட்டவர்கள் எந்தக் கொடியின் கீழும் முழுதாக நிற்காததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பிறகு 2025 பிப்ரவரியில் அன்னூர் அருகே திட்டக் கூட்டமைப்பினர் பழனிசாமிக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பிளெக்ஸில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா படம் இல்லை என்று சொல்லி கே.ஏ.செங்கோட்டையன் வரவில்லை. இது கட்சி விழா அல்ல, அதனால் போடவில்லை என்பது ஏற்பாட்டாளர்களின் விளக்கம். அடுத்த பல நாட்களுக்குச் செய்தி முழுக்க அ.தி.மு.க. உட்கட்சிச் சண்டைதான், தண்ணீர் எந்தக் குளத்துக்கு வந்தது, எதற்கு வரவில்லை என்று கேட்க ஆள் இல்லை.

ஆகவே விழா எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டும் என்றால் படம் இல்லாத பிளெக்ஸ், எழுத்து மட்டும். பேச்சாளர் வரிசையை முன்கூட்டியே எல்லாத் தரப்புக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

எதிர்ச்சங்கம்

உங்கள் கோரிக்கையால் நஷ்டப்படுகிறவர் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டத்துக்கு 2020இல் அரசாணை வந்தது, 700 கோடி ரூபாய்க்கும் மேல். கசிவு நின்றால் கிணறு வற்றிவிடும், மரம் போய்விடும் என்று ஒரு தரப்பு உண்ணாவிரதம் இருந்தது. கரை உடைகிறது, கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை, உடனே வேலையைத் தொடங்கு என்று இன்னொரு தரப்பு. இரண்டும் விவசாயச் சங்கங்கள்தான், இரண்டிலும் எல்லாக் கட்சிக்காரரும் இருந்தார்கள். இப்படியான இடத்தில் கட்சி நழுவும். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும். உங்கள் எதிர்த்தரப்போடு நீங்களே உட்கார்ந்து ஒரு பாதியையாவது பேசி முடித்தால், மீதிப் பாதியைக் கட்சி செய்து கொடுக்கும்.

பேசவே முடியாத எதிர்த்தரப்பும் உண்டு. நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு எதிராகக் கட்சி வாசலில் காத்திருக்கவில்லை. ஒரு பக்கம் பாழான நிலமும் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரும். மறுபக்கம் லட்சக்கணக்கானோர் வேலை செய்யும் பின்னலாடைத் தொழில். எந்தக் கட்சி எதைத் தேர்ந்தெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், சட்டமன்றத் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

“நாமே நின்றால் என்ன?”

கூட்டம் கொஞ்சம் சேர்ந்ததும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கைதட்டலும் கிடைக்கும். கட்சி பதிவு செய்வது ஒன்றும் கடினமில்லை: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவு, நூறு உறுப்பினர், பிரமாணப் பத்திரங்கள், கட்டணம். அதற்கு முன் கொங்கு நாட்டில் நடந்த மூன்று காரியங்களை அந்த நபரிடம் சொல்லுங்கள்.

1970இல் பம்புசெட் மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனபோது கிளம்பிய போராட்டத்தில், ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972இல் கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பேசினால் இரண்டு கழகங்களும் கேட்டன. அவர் 1982இல் தனிக் கட்சி தொடங்கினார். பச்சைத் துண்டு போட்ட கூட்டம் வந்தது, வாக்கு வரவில்லை. 1984இல் அவர் காலமானார். அவர் கேட்ட இலவச மின்சாரத்தைச் சிறு விவசாயிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசும், 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் கொடுத்தன. சங்கம் கேட்டதைக் கழகங்கள் கொடுத்தன. சங்கத்தின் கட்சியால் ஒன்றும் கொடுக்க முடியவில்லை.

1996இல் இங்கே பக்கத்தில் மொடக்குறிச்சியில், தங்கள் கோரிக்கை கவனத்துக்கு வரவேண்டும் என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள், தேர்தலே ஒரு மாதம் தள்ளிப் போனது. நாடு முழுக்கப் பேசியது. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அந்த ஆண்டே சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வந்துவிட்டது. கவனம் கிடைத்தது உண்மை. கூடவே அந்த வழியை அடைக்கும் பூட்டும் கிடைத்தது.

மூன்றாவது, 2009இல் கொங்கு வேளாளக் கவுண்டர்கள் பேரவையிலிருந்து பிறந்த கொங்குநாடு முன்னேற்றக் கழகம். பன்னிரண்டு மக்களவைத் தொகுதிகளில் தனித்து நின்று ஐந்து லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது. ஓர் இடம்கூட இல்லை. பிறகு பிளவு, 2013இல் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தி.மு.க. கூட்டணி, 2019இல் நாமக்கல், 2021இல் திருச்செங்கோடு. வெற்றிதான், ஆனால் உதயசூரியன் சின்னத்தில். பெரிய கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தக் கட்சியின் உறுப்பினர். கொறடா சொல்கிறபடி கை தூக்க வேண்டும். இது தோல்வி என்று சொல்ல மாட்டேன். அவையில் கொங்கு பற்றிப் பேச ஒரு குரல் கிடைத்திருக்கிறது. சங்கமாக இருந்தபோது இரண்டு கழகங்களையும் ஏலத்தில் நிறுத்தும் வசதி இருந்தது, அது போய்விட்டது என்பதை மட்டும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேசைக்கு வராதவர்கள்

இங்கே சங்கம் என்றால் பாதிக்குப் பாதி சாதிக் கணக்கும் உள்ளே இருக்கும். கொங்கு வேளாளர் 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்ந்ததும், நிலமில்லாத கூலித் தொழிலாளர்களாகப் பெருமளவில் இருக்கும் அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததும் அமைப்பாகத் திரண்டு கேட்டதால்தான். அருந்ததியரிடம் நிலமும் இல்லை, மில்லும் இல்லை, கட்சி நடத்தக் காசும் இல்லை. மாநாடு, ஊர்வலம், மனு என்றே நகர்த்தினார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உள்வகைப்பாடு செல்லும் என்று சொல்லிவிட்டது.

உங்கள் பாசனச் சங்கத்தில் குத்தகைக்காரர், கூலிக்காரர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வந்தால் நாற்று நடுவது அவர்கள். கட்சிக்காரருக்கு அவர்களின் வாக்கு எண்ணிக்கை உங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் உங்களோடு வரவில்லை என்பதையும் கவனிப்பார். நான் பெண் என்பதால் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்த மனுக்களில் வேகமாக நடந்தவற்றில் பெண்கள் முன்னால் நின்றவை நிறைய.

அறிவிப்பு வந்த பிறகு

பட்டாசு வெடிக்க வேண்டாம். சட்டமன்றத்தில் முதலமைச்சர் 110 விதியின்கீழ் அறிவித்தாலும், மானியக் கோரிக்கையில் அமைச்சர் சொன்னாலும், அது பேச்சு. அதற்குப் பிறகு அரசாணை, நிதி ஒதுக்கீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் என்று வரிசை இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் காகிதம் தூங்கும். மூன்று மாதத்தில் அரசாணை எண் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஒரு பக்கம், மூன்று கேள்வி. அரசாணை பிறந்ததா, அதன் எண் மற்றும் தேதி என்ன, இல்லை என்றால் கோப்பு இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது. ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தகவல் இல்லை என்று திருப்பி அனுப்ப வசதியாகிவிடும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் நகல் எடுத்து எல்லாக் கட்சி மாவட்டச் செயலாளர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், எதிர்க்கட்சிக்காரருக்கு ஒரு நாள் முன்னதாக.